திராட்சைக் கொடியும் ஊர்ப் பெயரும்

பிரான்ஸ் தேசத்து மதுப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை ஊன்றிப் படித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். உள்ளே இருப்பது எந்த ஜாதித் திராட்சையின் ரஸம் என்று அதில் பெரும்பாலும் எழுதியிராது. கொட்டை எழுத்தில் இருப்பதெல்லாம் ஓர் ஊரின் பெயர், அல்லது ஒரு சீமையின் பெயர். போர்தோ என்பது ஒரு துறைமுகப் பட்டணம். ஷாம்பேன் என்பது ஒரு பழைய ராஜ்யப் பகுதி. பொமார் என்பது சில நூறு பேர் வசிக்கும் ஒரு கிராமம். ஜெர்மனியின் எல்லையில் உள்ள அல்ஸாஸ் சீமையில் மட்டும் பழத்தின் பெயரை எழுதுவது வழக்கம். மற்ற இடங்களில் ஊர்தான் பிரதானம். பழம் அதற்கு அடுத்தபடி.

மதுவிலக்கே தேச நன்மைக்கு உகந்தது என்ற கொள்கையில் ஊறிய நேயர்கள் இதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். இக்கட்டுரை குடியைப் பற்றியதன்று, குடியானவனைப் பற்றியது. தன் ஊரின் பெயர் தன் சொத்து என்றும், அதைப் பிறர் களவாடக் கூடாது என்றும் பிரெஞ்சுக் குடியானவன் எழுபது வருஷம் போராடிச் சட்டமாக்கிய வரலாறு, மது அருந்தாதவர்களும் அறிந்துகொள்ளத்தக்கது. அந்தச் சட்டத்தின் நிழல் இன்று நம் நாட்டு நெசவாளியின் தறி வரையிலும் நீண்டிருக்கிறது.

மண்ணின் வாகு

ஊருக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று கேட்டால், பிரெஞ்சுக்காரர்கள் 'தெர்வார்' என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுவார்கள். மண், அதன் சரிவு, அதன் மேல் விழும் வெயில், அடிக்கும் காற்று, தலைமுறை தலைமுறையாக அங்கே உழுதவனின் கைப்பழக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அச்சொல்லின் பொருள். நம் உழவர்கள் 'மண்வாகு' என்று சொல்வதை இதற்கு நெருங்கிய சொல்லாகக் கொள்ளலாம்.

தென்மேற்கே போர்தோவை எடுத்துக்கொள்வோம். கரோன், தோர்தோஞ் என்னும் இரண்டு நதிகள் அங்கே கலந்து ஜிரோந்த் என்ற அகன்ற முகத்துவாரமாகிக் கடலில் சேர்கின்றன. இடது கரையெங்கும் பழைய வெள்ளங்கள் கொண்டுவந்து குவித்த சரளைக்கல். மழை நீர் அதில் தேங்காமல் வடிந்துவிடும். பகலில் வாங்கிய சூட்டைக் கற்கள் இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும். மெதுவாகப் பழுக்கும் காபெர்னே சோவிஞோன் என்ற கறுப்புத் திராட்சைக்கு இதுவே உகந்த இடம். வலது கரையில் களிமண் மிகுதி. அங்கே சீக்கிரம் பழுக்கும் மெர்லோ செழிக்கிறது. சற்றுத் தெற்கே சோத்தெர்ன் என்னும் பகுதியில், சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீர் கரோனில் வந்து கலப்பதால் இலையுதிர் காலத்துக் காலை வேளைகளில் மூடுபனி படிகிறது. அந்த ஈரத்தில் பழத்தின் மேல் ஒரு வகைப் பூஞ்சக் காளான் பற்றுகிறது. மற்ற இடங்களில் அது நாசம். இங்கே அதுவே பாக்கியம். காளான் தோலைத் துளைத்ததும் பழத்திலுள்ள நீர் வற்றிச் சர்க்கரை திரள்கிறது. பக்குவமான பழங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பல தடவை அறுவடை செய்வார்கள். இக்கெம் என்ற பெயர்போன தோட்டத்தில் ஒரு கொடிக்கு ஒரு கோப்பைதான் தேறும் என்று சொல்வதுண்டு.

1855-ஆம் வருஷம் பாரிஸில் நடந்த பெரிய பொருட்காட்சிக்காகப் போர்தோத் தரகர்கள், நெடுங்காலமாகப் பெற்றுவந்த விலையை வைத்து அந்தச் சீமையின் சிவப்பு மதுத் தோட்டங்களை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் இடம் பெற்றவை லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கே. உலகில் எத்தனையோ சாம்ராஜ்யங்கள் எழுந்து விழுந்தன. இந்தப் பட்டியலின் முதல் வகுப்பில் மட்டும் ஒரே ஒரு மாறுதல். 1973-இல் மூத்தோன் என்ற தோட்டம் இரண்டாம் வகுப்பிலிருந்து உயர்த்தப்பட்டது.

கிழக்கே பர்கண்டியில் நிலைமை வேறு. அங்கே கோட்டை கொத்தளங்களோடு கூடிய பெரிய எஸ்டேட்டுகள் குறைவு. சிறு சிறு துண்டு நிலங்களே அதிகம். சுமார் 50 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு குன்றுச் சரிவில், துறவிகளின் காலம் முதல் ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர், தனிக் குணம். 1098-இல் ஸீத்தோ என்ற இடத்தில் மடம் நிறுவிய துறவிகள், வூஜோ என்னுமிடத்தில் மதில் எழுப்பிக் கொடி வளர்த்தார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் மடத்துச் சொத்துக்கள் பறிமுதலாகி ஏலத்தில் போயின. பிதிரார்ஜிதத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்று நெப்போலியன் சட்டம் விதித்தது. விளைவு என்ன? வூஜோவின் மதிலுக்குள் இருக்கும் சுமார் 50 ஹெக்டேர் நிலத்துக்கு இன்று எண்பது சொந்தக்காரர்கள்! பாகப்பிரிவினையில் நாம் மட்டும் கைதேர்ந்தவர்கள் அல்லர் என்று ஆறுதல் கொள்ளலாம்.

பெயரின் மதிப்பைப் பர்கண்டிக்காரர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள். ஜெவ்ரே என்ற கிராமத்தார், தங்கள் எல்லையிலுள்ள ஷாம்பெர்தான் என்ற புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரை 1847-இல் ராஜாங்க உத்தரவு பெற்றுத் தங்கள் ஊர்ப் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர்களும் பிறகு ஒவ்வொன்றாக அதே வழியைப் பின்பற்றின.

வடக்கே ஷாம்பேன் சீமை. குளிர் அதிகம், மண்ணோ வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்பு. அங்கே புட்டிக்குள்ளேயே மதுவை இரண்டாம் முறை நொதிக்கச் செய்து நுரையை அடைத்துவைக்கிறார்கள். அப்படி நொதிக்கும்போது புட்டியில் படியும் வண்டலை நீக்குவது பெரும் தொல்லையாக இருந்தது. 1805-இல், தம் 27-ஆம் வயதில் கணவனை இழந்து வியாபாரத்தைத் தாமே ஏற்று நடத்திய கிளிக்கோ அம்மையாரின் நிலவறையில் அதற்கு வழி பிறந்தது. துளையிட்ட மேஜைகளில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பி, வண்டலைக் கழுத்தில் சேர்த்து வெளியேற்றினார்கள். 'கிளிக்கோ விதவை' என்ற பெயரே அந்தக் கம்பெனியின் முத்திரையாக இன்றளவும் நிலைத்திருக்கிறது.

வேரில் வந்த எமன்

இத்தனை பெருமையும் ஒரு தலைமுறைக்குள் அழிந்துபோக இருந்தது. 1863 வாக்கில் தெற்கே ரோன் நதிக்கரையில் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. முதல் வருஷம் இலை மஞ்சளிக்கும். மூன்றாம் வருஷம் கொடி பட்டுவிடும். செத்த கொடியைத் தோண்டிப் பார்த்தால் அழுகிய வேரைத் தவிர ஒன்றும் தென்படாது.

1868 ஜூலையில் மோன்பெலியே நகரத்துத் தாவர சாஸ்திரி பிளான்ஷோனும் அவருடைய இரு நண்பர்களும் செத்த கொடியை விட்டுவிட்டுப் பக்கத்தில் செழிப்பாக நின்ற கொடியைத் தோண்டினார்கள். அதன் வேரெங்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மஞ்சள் நிறப் பூச்சிகள் மொய்த்திருந்தன. நம் குடியானவர்கள் அசுவினி என்று சொல்லும் செடிப்பேனின் இனத்தைச் சேர்ந்தவை அவை. கொடி சாகும்போது அடுத்த கொடிக்குக் குடிபெயர்ந்துவிடும். ஆகவேதான் செத்த வேரில் அகப்படவில்லை. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு இப்பூச்சி வந்து சேர்ந்தது. பாய்க் கப்பலில் நெடுநாள் பயணத்தில் செத்துப்போயிருக்கக்கூடிய பூச்சி, நீராவிக் கப்பலின் வேகத்தில் உயிரோடு கரை இறங்கிவிட்டது.

பரிகாரம் கண்டுபிடிப்பவருக்குச் சர்க்கார் அறிவித்த பரிசு 1874-இல் மூன்று லட்சம் பிராங்காக உயர்ந்தது. அப்பரிசு கடைசி வரையில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. நிலத்தை நீரில் மூழ்கடித்துப் பார்த்தார்கள். கந்தக திராவகங்களை மண்ணுக்குள் பாய்ச்சினார்கள். 1875-இல் எட்டரைக் கோடி ஹெக்டோலிட்டரை நெருங்கியிருந்த மகசூல் 1889-இல் இரண்டரைக் கோடிக்கும் கீழே விழுந்தது. ஒரு ஹெக்டோலிட்டர் என்பது நூறு லிட்டர்.

நோய் எங்கிருந்து வந்ததோ, மருந்தும் அங்கிருந்தே வந்தது. அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பூச்சியோடு பழகிப் பழகி அதைத் தாங்கும் சக்தி பெற்றிருந்தது. அந்த வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினால் என்ன? ஒட்டு மாமரத்தைக் கண்ட நமக்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் தங்கள் கொடி அந்நிய வேரில் நிற்பதா என்று பலர் மனம் கசந்தார்கள். பர்கண்டியில் பல வருஷம் அமெரிக்கக் கொடிக்கு அனுமதியே இல்லை. மேலும் அமெரிக்க வேர்கள் பல, பிரான்ஸின் சுண்ணாம்பு மண்ணில் பிழைக்கவில்லை. 1887-இல் வியாலா என்ற பேராசிரியர் அமெரிக்கா சென்று தேடினார். டெக்ஸாஸில் மன்ஸன் என்ற தோட்டக்கலை நிபுணரின் உதவியால் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் காட்டுக் கொடிகளை அறிந்து திரும்பினார். இன்று பிரான்ஸில் காணும் கொடிகளில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்க வேர்களின் மேல் நிற்பவை. வேர் மாறியும் ஊரின் குணம் மாறவில்லை என்பது பிரெஞ்சுக்காரர்களின் வாதம்.

தெற்குச் சீமையின் கொந்தளிப்பு

கொடி பிழைத்தது, குடியானவன் பிழைத்தானா? பஞ்ச காலத்தில் வியாபாரிகள் ஒரு கெட்ட வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். உலர்ந்த திராட்சையை ஊறவைத்தும், சக்கையில் சர்க்கரையும் நீரும் கலந்தும் 'ஒயின்' தயாரிக்கலாம் என்பதே அது. தோட்டங்கள் மீண்டு, மகசூல் பெருகி, அல்ஜீரியாவிலிருந்தும் மது வந்து குவிந்தபோதும் இந்த வித்தை நின்றபாடில்லை. லாங்க்டாக் என்னும் தெற்குச் சீமையில் விலை பாதாளத்துக்கு இறங்கியது. நிலமுள்ளவன் கடனாளியானான், கூலிக்காரன் பட்டினி கிடந்தான்.

1907 மார்ச் 11-ஆம் தேதி அர்ஜெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 குடியானவர்கள் நார்போன் நகரத்துக்கு நடந்தே சென்று முறையிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் மார்ஸலன் ஆல்பேர். சிறு தோட்டமும் ஒரு காப்பிக் கடையும் வைத்திருந்த சாதாரண மனிதர். பிறகு ஞாயிறுதோறும் ஒவ்வோர் ஊரில் கூட்டம். ஆயிரம் பதினாயிரமாயிற்று, பதினாயிரம் லட்சமாயிற்று. ஜூன் 9-ஆம் தேதி மோன்பெலியேயில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் திரண்டார்கள் என்பது அக்காலக் கணக்கு. அவர்கள் கேட்டது தானம் அல்ல. மோசடியை நிறுத்துங்கள் என்பதே கோரிக்கை. நார்போன் நகரத் தலைவர் பெரூல் ராஜிநாமாச் செய்தார். நூற்றுக்கணக்கான நகர சபைகளும் கிராம சபைகளும் அவரைப் பின்பற்றின. வரிகொடா இயக்கமும் ஆரம்பமாயிற்று.

பிரதம மந்திரி கிளெமான்ஸோ பட்டாளத்தை அனுப்பினார். ஜூன் 19, 20 தேதிகளில் நார்போனில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் ஆறு பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருத்தி இருபது வயதுப் பெண். செய்தி பரவியதும் நடந்ததுதான் சரித்திரம். பதினேழாவது காலாட்படையின் சிப்பாய்கள் அந்தச் சீமையிலேயே பிறந்த குடியானவர் பிள்ளைகள். அவர்களில் சுமார் ஐந்நூறு பேர் இரவோடிரவாக ஆயுதங்களோடு பெஸியே நகரத்துக்கு நடந்து வந்து, தங்கள் ஜனங்களைச் சுட மாட்டோம் என்பதற்கு அடையாளமாகத் துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து நின்றார்கள். பிறகு அவர்களைத் துனீஸியாவின் பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆல்பேரின் முடிவு பரிதாபமானது. தனியாகப் பாரிஸ் சென்று பிரதம மந்திரியைச் சந்தித்தார். சமாதானம் பேசிய கிளெமான்ஸோ, ஊர் திரும்ப ரயில் செலவுக்கென்று நூறு பிராங்க் கொடுத்தார். வெள்ளை மனதோடு ஆல்பேர் அதை வாங்கிக்கொண்டார். மறுநாளே அச்செய்தி பத்திரிகைகளில் வந்தது. தலைவர் விலைபோய்விட்டார் என்று ஜனங்கள் தூற்றினார்கள். 1921-இல் வறுமையிலேயே அவர் காலமானார். ஆயினும் கிளர்ச்சி வீண்போகவில்லை. 1907 ஜூன் 29-ஆம் தேதிச் சட்டத்தின்படி ஒவ்வொருவரும் தம் அறுவடையின் அளவைப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று; மதுவில் சேர்க்கும் சர்க்கரைக்குத் தனி வரி விழுந்தது; கலப்படத்தைக் கண்காணிக்கத் தனி இலாகா ஏற்பட்டது.

எல்லை எது?

கலப்படம் ஒரு மோசடி என்றால் பெயர்த் திருட்டு இன்னொரு மோசடி. ஷாம்பேன் வியாபாரிகள் சிலர் வேறு சீமைகளிலிருந்து மலிவான திராட்சையை ரயிலில் வரவழைத்து 'ஷாம்பேன்' என்று விற்றார்கள். 1908-இல் சர்க்கார் ஷாம்பேனுக்கு எல்லை வகுத்தது. அப்படி வகுத்தபோது தெற்கே இருந்த ஓப் ஜில்லா விடுபட்டுப்போயிற்று. அந்த ஜில்லாவின் திரூவா நகரமோ, பழைய ஷாம்பேன் பிரபுக்களின் ராஜதானி! "எங்கள் ராஜதானி ஷாம்பேனில் இல்லையா?" என்று ஓப் ஜனங்கள் கொதித்தார்கள். எல்லையை ரத்து செய்யலாம் என்று 1911 ஏப்ரலில் மேல்சபை தீர்மானித்ததும் மார்ன் ஜில்லாக் குடியானவர்கள் கொதித்தார்கள். அயி என்ற ஊரில் வியாபாரிகளின் நிலவறைகளை உடைத்துத் தீ வைத்தார்கள். ஓப் ஜில்லாவுக்கு 'இரண்டாம் வட்டாரம்' என்ற அரைகுறைப் பட்டம் கிடைத்தது. அந்த அவமானம் நீங்க 1927 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

1919-இல் வந்த சட்டம், ஊர்ப் பெயர் யாருக்கு உரியது என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யலாம் என்றது. ஆனால் அதில் ஓர் ஓட்டை. எல்லைக்குள் விளைந்தால் போதும். எந்தக் கொடி, எவ்வளவு மகசூல் என்ற கேள்வி இல்லை. ஆகவே மட்டமான கொடிகளைத் தகாத நிலத்தில் நட்டுப் பெரிய பெயரில் விற்பவர்கள் பெருகினார்கள்.

அந்த ஓட்டையை அடைக்க வழி காட்டியது ரோன் நதிக்கரையிலுள்ள ஒரு கிராமம். அதன் பெயர் ஷாத்தோநெஃப் து பாப். தமிழில் சொன்னால் 'போப்பாண்டவரின் புதுக்கோட்டை'. பதினான்காம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் அவீஞோன் நகரத்தில் வசித்தபோது கோடை வாசத்துக்குக் கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது. 1923-இல் அவ்வூர்க் குடியானவர்கள், வக்கீல் படிப்புப் படித்தவரும் முதல் உலக யுத்தத்தில் விமானியாக இருந்தவருமான லெருவா பிரபுவிடம் சென்று தங்கள் பெயரைக் காப்பாற்றித் தருமாறு வேண்டினார்கள். பிறரைக் கட்டுப்படுத்துமுன் தங்களையே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த வழி. லாவெண்டரும் தைமும் முளைக்கும் வறண்ட நிலமே தகுதியான நிலம்; குறிப்பிட்ட கொடிகளையே நட வேண்டும்; அறுவடையில் ஒரு பங்கைக் கழித்துத் தள்ள வேண்டும்; மதுவுக்கு இன்ன அளவு வீரியம் இருக்க வேண்டும். இப்படி வரிசையாக விதிகள் பிறந்தன.

விவசாயப் பேராசிரியராக இருந்து சட்டசபைக்குப் போன ஜோஸப் கப்பூ இக்கொள்கையைத் தேசம் முழுவதற்கும் விரித்தார். 1935 ஜூலை 30-ஆம் தேதிச் சட்டத்தால், ஊர்ப் பெயர்களைக் காக்கும் தேசியக் குழு ஏற்பட்டது. 1936 மே மாதத்தில் அர்புவா, தவெல், ஷாத்தோநெஃப் உள்ளிட்ட முதல் சில பெயர்கள் பதிவாயின. அதன் பிறகு ஊர்ப் பெயர் ஒருவருக்குச் சொந்தமான வியாபாரச் சின்னமன்று. அதை விற்க முடியாது, வாங்கவும் முடியாது. ஊரில் விதிப்படி உழைப்பவர் அனைவருக்கும் அது பொதுச் சொத்து.

ஷாத்தோநெஃப் ஊரார் தங்கள் எல்லையைக் காப்பதில் எவ்வளவு கண்டிப்பானவர்கள் என்பதற்கு ஒரு வேடிக்கை. பறக்கும் தட்டுக்களைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த 1954-இல், தங்கள் ஊருக்கு மேலே அவை பறக்கவும் இறங்கவும் கூடாது என்று அவ்வூர்த் தலைவர் உத்தரவே பிறப்பித்தார். இதுவரை ஒரு தட்டும் அதை மீறியதாகத் தகவல் இல்லை.

நமக்கு என்ன?

பிரான்ஸிலேயே மதுவின் செல்வாக்கு இறங்குமுகம். பள்ளியில் பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உணவோடு மது கொடுப்பதை அங்கே 1956-இல் நிறுத்தினார்கள். 1991-ஆம் வருஷச் சட்டம் மது விளம்பரத்துக்குக் கடிவாளமிட்டது. 1960-ஐ ஒட்டி ஆளுக்கு வருஷத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் குடித்தவர்கள், இன்று அதில் பாதிக்கும் குறைவாகவே குடிக்கிறார்கள். வானிலையும் மாறி வருகிறது. 2021 ஏப்ரலில் விழுந்த உறைபனி, முன்கூட்டியே துளிர்த்திருந்த கொடிகளைப் பல சீமைகளில் கருக்கிவிட்டது. அதே வருஷம் போர்தோவில், வெப்பத்தைத் தாங்கக்கூடிய புதிய கொடிகள் சிலவற்றைச் சோதனையாக நட அனுமதி அளித்தார்கள்.

ஆனால் அவர்கள் வகுத்த நியாயம் உலக நியாயமாகிவிட்டது. 1995-இல் அமலுக்கு வந்த உலக வர்த்தக ஒப்பந்தத்தில் ஊர்ப் பெயர்ப் பாதுகாப்பு ஓர் அங்கமாயிற்று. நம் பார்லிமெண்டு 1999-இல் நிறைவேற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-இல் அமலுக்கு வந்தது. டார்ஜீலிங் தேயிலை முதலில் பதிவாயிற்று. காஞ்சிபுரம் பட்டும், மதுரை மல்லியும், பழனிப் பஞ்சாமிர்தமும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் இன்று அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இதில் ஒரு வஞ்சகம் ஒளிந்திருப்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவ்வொப்பந்தத்தில் மதுவகைகளின் பெயருக்கு முதல் வகுப்புப் பாதுகாப்பு; மற்றப் பொருள்களுக்கு இரண்டாம் வகுப்புத்தான். வேறு தேசத்தான் ஒருவன் 'ஷாம்பேன் மாதிரி' என்று எழுதி விற்றாலும் குற்றம். ஆனால் தேயிலைக்கும் பட்டுக்கும் வேறு பொருள்களுக்கும், வாங்குபவர் ஏமாந்தார் என்று நிரூபித்தால்தான் பரிகாரம். இந்தியாவும் வேறு பல நாடுகளும் இந்தப் பாரபட்சத்தை நீக்க வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. 1997-இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி பாஸ்மதி அரிசியின் மேலேயே உரிமை பெற்றதும், இந்தியா எதிர்த்து வழக்காடிய பிறகே அதன் பெரும்பகுதி விலகியதும் பெயரை இழப்பது எவ்வளவு சுலபம் என்பதற்குச் சான்று.

சட்டம் எழுதிவிட்டால் காரியம் முடிந்துவிடாது. ஷாத்தோநெஃப் குடியானவர்கள் முதலில் தங்களுக்கே விதி விதித்துக்கொண்டார்கள். தங்கள் அறுவடையில் ஒரு பங்கைத் தாங்களே கழித்துத் தள்ளினார்கள். பிறகே பிறரை நோக்கி விரல் நீட்டினார்கள். போலி ஜரிகையைப் பட்டென்று விற்பவன் வெளிநாட்டான் அல்லன். பெரும்பாலும் நம் தெருவிலேயே கடை வைத்திருப்பவன். அவனைத் திருத்தும் பொறுப்பு நெசவாளருக்கும் உண்டு. விலை மலிவென்று கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு வரும் நமக்கும் உண்டு.